கொதிகலன் வேகவைத்த நாற்பத்தொரு பொட்டலம்

அவரைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்தாறு வருடமாக அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில் அவருக்குக் கொதிகலன் என்றுதான் பேர். கோபக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் அவருக்கு வராது. தப்பித் தவறி வந்தாலும் வாசலோடு திரும்பிப் போய்விடும். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, துடைத்து, செட் செட்டாகத் துணியில் கட்டி, நீராவி இயந்திரத்துக்குள் தள்ளி, கிருமி இல்லாமல் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. நூற்று முப்பத்துநாலு டிகிரி சூட்டைப் பார்க்காத எதையும் அவர் நம்ப மாட்டார். அந்த அவநம்பிக்கையை வேலை முடிந்ததும் அங்கேயே கழற்றி மாட்டிவிட்டு வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

வீட்டிலும் அதே கூத்துதான். குடிக்கிற தண்ணீர் இரண்டு முறை கொதிக்கும். கரண்டி கொதிக்கும், சீப்பு கொதிக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது அவளுடைய ரப்பர் வாத்து ஒருநாள் கொதித்தது. வெளியே எடுத்தபோது அது வாத்தாகவும் இல்லை, வேறு எதுவாகவும் இல்லை. மகள் மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. கடைத்தெருவில் நறுக்கி விற்கிற பழத்தை மனைவி ஆசையாகப் பார்ப்பாள். அவர் அவள் முழங்கையைப் பிடித்து மெல்ல அடுத்த கடைக்கு நகர்த்திவிடுவார். "உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்" என்பார். முப்பது வருடமாக அவளும் அந்த நல்லதைப் பொறுத்துக்கொண்டாள்.

அவள் செருப்புக் கடையில் விற்பனைப் பெண். இருபத்திரண்டு வருடம் தரையில் குந்தி உட்கார்ந்து அடுத்தவர் பாதங்களைச் செருப்புக்குள் நுழைத்தவள். "நான் காலைப் பிடிக்காத பெரிய மனுஷன் இங்க யாரும் இல்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அப்படிக் குந்தி எழுந்த ஒருநாள் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல் அழுத்தியது. சோதித்துப் பார்த்ததில் மூன்று இடத்தில் அடைப்பு. காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் ஒட்ட வேண்டும் என்றார்கள். அவர் வேலை பார்க்கும் அதே மருத்துவமனையில், மூன்றாம் மாடியில்.

மேற்பார்வையாளர் நல்ல மனுஷன். "நாளைக்கு லீவு போட்டுட்டு வீட்டுக்காரம்மா கூட இருங்க. ஹார்ட் செட்டை வேற ஆளு கட்டட்டும்" என்றார். கொதிகலன் கேட்கவில்லை. தன் மனைவியின் நெஞ்சைத் திறக்கப் போகும் ரம்பத்தையும் கவ்விகளையும் வேறு ஒருவர் கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தார், அடுக்கினார், கட்டினார். இயந்திரம் ஓடி முடிந்து, கட்டின் மேல் ஒட்டிய, சூடு பட்டால் கறுக்கிற டேப்பில் கறுப்புக் கோடுகள் பளிச்சென்று வந்தன. எல்லாம் சரி.

மறுநாள் அறுவை அரங்கின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தச் சந்தேகம் முளைத்தது. கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கையுள்ள கவ்விகளைக் கட்டும்போது கீலைத் திறந்து வைக்க வேண்டும். மூடியிருந்தால் நீராவி இடுக்குக்குள் சரியாகப் போகாது. கடைசியாக வைத்த வளைந்த கவ்வியைத் திறந்து வைத்தாரா, மூடி வைத்தாரா? யோசிக்க யோசிக்க இரண்டும் ஞாபகத்துக்கு வந்தன. உள்ளே மனைவியின் நெஞ்சு திறந்து கிடக்கிறது. வெளியே இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. சொல்லியிருந்தால் ஒரு நர்ஸ் ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருப்பாள். பதில் தப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்துதான் கேட்காமல் இருந்தார்.

அறுவை நன்றாகவே முடிந்தது. நாலாம் நாள் ஒரு டாக்டரம்மா வந்தார். கையில் படிவம். ஒட்டிய இதயம் தேறுவதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆராய்ச்சி செய்பவர். அவர் பேசியதைச் செருப்புக் கடைக்காரி வாய் பிளந்து கேட்டாள்.

"ஆபரேஷன் நேரத்துல மெஷின்தான் ரத்தத்தை ஓட்டும். அப்போ குடலுக்குப் போற ரத்தம் கொஞ்சம் குறையும். அதோட கிருமி அண்டாம இருக்க ஊசி போடறோம். அது கெட்டதை அடிக்கும்போது குடல்ல இருக்கற நல்லதையும் சேத்து அடிச்சுடும். அந்த நல்ல கிருமிங்களைத் திரும்பக் குடி வெச்சா ஆளுங்க சீக்கிரம் எழுந்து நடப்பாங்களான்னு பாக்கறோம்."

"நடப்பாங்களா?" என்றாள் அவள்.

"தெரியாதும்மா. தெரிஞ்சா நான் ஏன் படிவத்தைத் தூக்கிட்டு அலையறேன்?"

அந்தப் பதில் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "என்னைப் பாத்து நாலு பேருக்கு ஒண்ணு தெரிய வருதுன்னா நல்லதுதானே. எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். கணவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. வாழ்க்கையில் அவரைக் கேட்காமல் அவள் போட்ட முதல் கையெழுத்து அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். வார்டுக்கு வந்த மகளிடமும், தரை துடைக்க வந்தவளிடமும், "நான் ஆராய்ச்சியில இருக்கேன் தெரியுமா?" என்று ஏதோ பட்டம் வாங்கினவள் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது உணவு ஆலோசகர் ஒரு பெட்டி கொடுத்தாள். உள்ளே அந்த நல்ல கிருமிப் பொடி, அறுபது பொட்டலம். காலை ஒன்று, மாலை ஒன்று. கூடவே ஒரு குறிப்பேடு. பொடி கொடுத்ததும் கட்டத்தில் டிக் போட வேண்டும். எத்தனை முறை வெளிக்குப் போனாள், எவ்வளவு தூரம் நடந்தாள் என்றும் எழுத வேண்டும். "ஒண்ணு மட்டும் கவனம் அண்ணா. வெந்நீர்ல போடாதீங்க, சூடா எதுலயும் கலக்காதீங்க. சாதாத் தண்ணி போதும். உள்ள இருக்கறது எல்லாம் உயிரோட இருக்கறது" என்றாள். "சரிம்மா" என்றார். தெளிவாகத்தான் கேட்டார். காதில் ஒரு கோளாறும் கிடையாது.

முதல் நாள் காலையில் நல்ல எண்ணத்தோடுதான் ஆரம்பித்தார். ஆறிய தண்ணீரைக் குவளையில் ஊற்றினார். பொட்டலத்தின் ஓரத்தைக் கத்தரித்தார். கத்தரித்தவர் சும்மா இருக்காமல் பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். ஒரு பொட்டலத்தில் ஐந்நூறு கோடி உயிருள்ள கிருமிகள் என்று போட்டிருந்தது.

இதைப் படித்ததும் அவருக்கு என்ன ஆகியிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள அவர் வேலையைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இயந்திரம் ஒழுங்காகக் கொல்கிறதா என்று பார்க்க வாரம் ஒருமுறை ஒரு சின்னக் குப்பியை உள்ளே வைப்பார்கள். அதில் ஒரு லட்சம் கிருமி வித்துகள் இருக்கும். லேசில் சாகாத முரட்டு ஜாதி. சுற்று முடிந்து எடுக்கும்போது அத்தனையும் செத்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்று பிழைத்தாலும் இயந்திரத்தை நிறுத்து, கருவிகளைத் திரும்பக் கூப்பிடு, மேலிடத்துக்குச் சொல் என்று மருத்துவமனையே அல்லோலகல்லோலப்படும். ஒரு லட்சத்துக்கே அந்தப் பாடு. இங்கே ஐந்நூறு கோடியை உயிரோடு மனைவியின் வாயில் ஊற்றச் சொல்கிறார்கள். நெஞ்சில் தையல் காயவில்லை. காலில் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை பிளந்து மூடிய காயம். அந்தக் கவ்வியின் கீல் வேறு திறந்திருந்ததோ மூடியிருந்ததோ.

குவளைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். கெட்டிலைப் போட்டார். தண்ணீர் தளதளவென்று வந்ததும் பொடியின் மேல் ஊற்றி, மூடி வைத்து, பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் ஆற்றி எடுத்துப் போனார்.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "என்னங்க இது, மாவை வேக வெச்ச மாதிரி இருக்கு?"

"அது அப்படித்தான் இருக்கும்" என்றார்.

மூன்றே வார்த்தைதான் பொய். ஆனால் சொன்ன கையோடு அவள் கண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். குறிப்பேட்டை எடுத்து முதல் கட்டத்தில் டிக் போட்டார். பொடியைக் கொடுத்தது உண்மை, டிக் போட்டதும் உண்மை, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று மனசுக்குள் ஒரு வக்கீலை வைத்து வாதாடினார். வக்கீல் ஜெயித்தார். மாலையில் மறுபடியும் கெட்டில் கொதித்தது.

வாரம் ஒருமுறை உணவு ஆலோசகர் போன் செய்வாள். "பொடி ரெண்டு வேளையும் போகுதா அண்ணா?" என்பாள். "ஒரு வேளை தவறல" என்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் மனைவி, "நல்லாப் பாத்துக்கறாரும்மா, மணி அடிச்ச மாதிரி கொண்டாந்து குடுத்துடறாரு" என்று போனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வாள். அவள் பாராட்டுகிற ஒவ்வொரு தடவையும் அவருக்கு உட்கார்ந்த இடத்தில் முள் குத்தியது. இன்றைக்குச் சாதாத் தண்ணீரில் கலந்துவிடலாம் என்று தினமும் காலையில் முடிவு செய்வார். கெட்டில் பக்கம் வந்ததும் கை தானாகப் போய்விடும். அதோடு, இத்தனை நாள் வேகவைத்துவிட்டு இன்று உயிரோடு கொடுத்து, சுவை மாறி, அவள் ஏன் என்று கேட்டுவிட்டால்? பயம் ஒன்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஆயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலில் இருந்த காயம் சிவந்து, ஓரத்தில் நீர் கசிந்தது. கொதிகலனுக்கு உலகம் நின்றுவிட்டது. கவ்வி! நிச்சயமாக அந்தக் கவ்விதான். தன் கையால் கட்டிய கட்டிலிருந்து ஏதோ ஒன்று உயிரோடு போய் அவள் காலில் உட்கார்ந்திருக்கிறது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். மருத்துவமனையில் பார்த்துவிட்டு, சர்க்கரை இருக்கிற உடம்பு, காலில் இப்படி ஆவது சகஜம் என்று சொல்லி ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். சகஜம் என்ற வார்த்தை அவர் காதில் ஏறவில்லை. அன்று மாலை பொடியைப் பத்து நிமிடத்துக்குப் பதில் இருபது நிமிடம் மூடி வைத்தார்.

மாத்திரை காயத்தைக் காய வைத்தது, வயிற்றை அவிழ்த்துவிட்டது. மூன்று நாளில் அவளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. முதலில் நாலு முறை, அப்புறம் ஏழு, அப்புறம் அவள் எண்ணுவதையே விட்டுவிட்டாள். குறிப்பேட்டில் மட்டும் அவர் ஒழுங்காக எழுதிக்கொண்டு வந்தார். இருபத்தோராம் நாள் காலைப் பொடியைக் குடித்துவிட்டு எழுந்தவள் கழிவறைக் கதவைப் பிடித்தபடி அப்படியே சரிந்தாள். தாங்கிப் பிடித்தபோது, கடையில் பெட்டி பெட்டியாகத் தலையில் தூக்கியவள் இவ்வளவு லேசாகிவிட்டாளே என்று அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆம்புலன்சில் ஏற்றி மறுபடியும் மூன்றாம் மாடி.

சலைன் ஏறியது. மறுநாள் மாலை டாக்டரம்மா குறிப்பேட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நாற்பத்தொரு டிக், வரிசை பிசகாமல்.

"பாவம், நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு ஒழுங்கா செஞ்சிருக்கீங்க" என்றார். "வயித்துல கெட்ட கிருமி ஒண்ணு பெருகியிருக்கு. மாத்திரையாலயும் இருக்கலாம். ஆனா பொடியோட தப்பு இல்லைன்னு என்னால சொல்ல முடியல. பொடி சாப்பிடறவங்கள்ல ஏற்கெனவே ரெண்டு பேருக்கு வயித்து உபாதை. இவங்க மூணாவது. மூணு ஆயிட்டா எல்லாருக்கும் நிறுத்திடணும்னு எங்க விதி. நாளைக்கு காலைல ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் கடிதம் அனுப்பிடுவேன்."

பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். அவரும் பொடிக்காரர். "என்னங்க டாக்டர், எனக்கு இப்பதான் வயிறு ஒழுங்கா இருக்கு, பசிக்கவே ஆரம்பிச்சிருக்கு, அதுக்குள்ள பிரேக் போடறீங்களே" என்று அங்கலாய்த்தார். டாக்டரம்மா வருத்தமாகத் தலையசைத்துவிட்டுப் போனார்.

மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "பாத்தீங்களா, என் ஒருத்தி வயித்தால எல்லாருக்கும் நின்னு போச்சு" என்றாள். "நாலு பேருக்கு உபயோகமா இருப்பேன்னு கையெழுத்துப் போட்டேன். எனக்கு நல்லது குடுத்தாக்கூட ஒட்ட மாட்டேங்குது." தோள் குலுங்கியது. நெஞ்சுத் தையல் வலிக்குமே என்று அழுகையை அடக்கி அடக்கி அழுதாள்.

அவர் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. வாயைத் திறந்தார். "தண்ணி வேணுமா?" என்ற கேள்விதான் வந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று அவருக்கே இருந்தது.

மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது கால் போன போக்கில் அடித்தளத்துக்கு இறங்கினார். அங்கே எல்லாம் வழக்கம்போல. நீராவிச் சத்தம், ஈரத்துணி வாசனை, மேஜை மேல் நீலநிற ரிஜிஸ்டர். அதைப் பார்த்ததும் இப்போது சலவைப் பிரிவில் இருக்கும் ஒரு அம்மாவின் ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் இவரோடு இங்கே வேலை பார்த்தவர். ஒரு வாரம் குப்பியை வைக்காமலே ரிஜிஸ்டரில் டிக் போட்டுவிட்டார். வீட்டில் ஏதோ கஷ்டம், மறந்துபோயிற்று, பயந்துகொண்டு போட்டுவிட்டேன் என்று அழுதார். கொதிகலன் அப்போது கொஞ்சமும் இளகவில்லை. "மறந்தது தப்பில்லக்கா. நடக்காததுக்கு டிக் போட்டீங்களே, அதுதான் தப்பு" என்று நியாயஸ்தன் மாதிரி பேசி, மேலிடத்துக்குச் சொல்லி, அவரைச் சலவைக்கு மாற்ற வைத்தார். அந்த அம்மாவின் ஒரு டிக்கால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தன்னுடைய நாற்பத்தொன்றால் ஒரு வார்டே பொடியை இழக்கப் போகிறது, மனைவி தன் உடம்பையே திட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். அவரால் அங்கே நிற்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று மாடியையும் படியிலேயே ஏறினார்.

டாக்டரம்மாவும் உணவு ஆலோசகரும் கட்டில் அருகே நின்றிருந்தார்கள். மூச்சிரைக்கப் போய் நின்றவரைப் பார்த்து, "உக்காருங்க, என்ன இப்படி ஓடி வர்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"கடிதம் அனுப்பிட்டீங்களா?"

"இனிமேதான்."

"அனுப்பாதீங்க. பொடி மேல தப்பில்ல டாக்டர். அது இவ வயித்துக்கு உயிரோட போகவே இல்ல." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் வேக வெச்சுட்டேன்."

"என்னது?"

"தினமும். ரெண்டு வேளையும். கொதிக்கற தண்ணிய ஊத்தி, மூடி வெச்சு, எல்லாம் செத்த பிறகுதான் குடுத்தேன். அந்தப் பொண்ணு சொல்லித்தான் அனுப்பிச்சது, சூடு கூடாதுன்னு. தெரிஞ்சேதான் செஞ்சேன்."

உணவு ஆலோசகரின் வாய் திறந்தபடி நின்றது. பஸ் டிரைவர் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். டாக்டரம்மா குறிப்பேட்டைத் திறந்தார். அப்புறம் நிதானமாக, எத்தனை நாள், எத்தனை நிமிடம், ஒரு வேளையாவது சாதாத் தண்ணீரில் கலந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு வேளைகூட இல்லை.

"அப்போ இவங்களை மூணாவதா எடுத்துக்க முடியாது. மத்தவங்களுக்குத் தொடரலாம்" என்றார் ஆலோசகரிடம். இவர் பக்கம் திரும்பினார். "நேரத்தோட சொன்னீங்க. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. பொடி உயிரோட போயிருந்தாலும் இந்தப் போக்கு வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். உங்களாலதான் வந்துதுன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களால இல்லன்னும் சொல்ல முடியாது." டாக்டர் நேர்மையானவர். அந்த நேர்மை அன்று கொதிகலனுக்கு அடியைவிட அதிகமாக வலித்தது.

"அப்போ நான்?" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஆராய்ச்சியில இருக்கேனா, இல்லையா?"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தார். "இல்லம்மா. உங்களோட விவரங்களைக் கணக்குலேருந்து எடுத்துடணும். குறிப்பேட்டை மட்டும் திருத்திக் குடுத்துடுங்க. அது கோப்புல இருக்கணும்."

அவர்கள் போனபிறகு அவள் கணவரைப் பார்த்த பார்வையில் முப்பது வருடமும் இருந்தது.

"வேக வெச்சீங்க, சரி. உங்களுக்குப் பயம். பயந்தா எனக்குப் பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே? மாவு மாதிரி இருக்குன்னு நான் கேட்டப்போ என்ன சொன்னீங்க? அப்படித்தான் இருக்கும்னீங்க. நானும் நம்பி, நல்லதாச்சேன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். நேத்து நான் அழுதப்போகூட முதுகைத் தடவினீங்களே ஒழிய வாயைத் திறக்கல."

"தப்புதான்."

"எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு நானாப் போய்க் கையெழுத்துப் போட்டேங்க. அதையும் நீங்க கொதிக்க வெச்சுட்டீங்க."

அவர் குவளையை எடுத்தார். தண்ணீர் கொடுத்தால் அவள் வாங்கவில்லை. தலையணையைச் சரி செய்யப் போனால், "இருக்கட்டும்" என்றாள். மதியம்வரை இதே கதை.

மூன்று மணிக்கு உணவு ஆலோசகர் குறிப்பேட்டைக் கொண்டுவந்து வைத்தாள். எதையும் அழிக்கக் கூடாது. ஒவ்வொரு டிக்கின் மேலும் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் உண்மையை எழுதி, கையெழுத்திட வேண்டும். அந்த முறை அவருக்கு மனப்பாடம். எத்தனையோ பேருக்கு அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டு மேஜையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்து, பேனாவைத் திறந்து, முதல் கட்டத்தில் கோடு போட்டு, 'வேகவைத்துக் கொடுத்தேன்' என்பதற்கு முன்னால் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது. மூன்றாவது. எழுத எழுத அந்த மூன்று வார்த்தைக் குற்றம் குறையாமல் கூடிக்கொண்டே போனது. ஏழாவதில் எழுத்து கோணியது.

"வேகவைத்துக் கொடுத்தேன்னா ரெண்டு வார்த்தைதான். நீங்க மூணாவதா என்னத்தை எழுதறீங்க?" என்றாள் அவள். எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"தெரிந்தே" என்றார். "தெரிந்தே வேகவைத்துக் கொடுத்தேன்னு."

அவள் சற்று நகர்ந்து மேஜைக்கு அருகில் வந்தாள்.

அவர் பேனாவை வைத்துவிட்டு, தலையைத் தூக்காமலே அந்தக் கவ்வியைப் பற்றிச் சொன்னார். செட்டைத் தானே கட்டியதை, கீலைத் திறந்து வைத்தாரா என்பது ஞாபகமில்லாததை, காலில் நீர் கசிந்தபோது தான்தான் காரணம் என்று முடிவு செய்ததை, எல்லாவற்றையும். முப்பது வருடத்தில் அவர் அவளிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே கிடையாது.

"இதை இங்க யாரையாவது கேட்டீங்களா?"

"இல்ல."

"நாளைக்குக் கேளுங்க. நானும் கூட வர்றேன்." குரலில் இளக்கம் ஒன்றும் இல்லை. "அதுக்காக உங்களை மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. எழுதுங்க."

எழுதினார். அவள் குறிப்பேட்டைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு தேதிகளைப் படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு தேதிக்கும் அவளிடம் ஒரு ஞாபகம் இருந்தது. "இன்னைக்குத்தான் முதல்ல நானா எழுந்து குளிச்சேன். பொடி வேலை செய்யுதுன்னு பொண்ணுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்" என்பாள். அவர் கோடு போட்டுக் கையெழுத்திடுவார். "இன்னைக்கு ரெண்டு ரொட்டி சாப்பிட்டேன். பசியைத் திருப்பிக் குடுத்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்." மறுபடியும் கோடு, மறுபடியும் கையெழுத்து. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் சந்தோஷப்பட்ட நாட்களைக் கேட்டபடி எழுதுவதுதான் அவரால் தாங்க முடியவில்லை. கண்ணீர் தாளில் விழாமல் இருக்க முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தாள் நனைந்தால் அதற்கும் ஒரு விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

"பதினொண்ணாம் நாள்" என்று படித்தவள் நிறுத்தினாள். "அன்னைக்கு நம்ம மாடிப்படி முழுசும் ஏறினேன். பதினெட்டுப் படி. நடுவுல நிக்கவே இல்ல. மேல போய் நின்னு, இந்தப் பொடியைக் கண்டுபிடிச்சவங்க நல்லா இருக்கணும்னு மனசார நெனச்சேன்."

அவர் கோடு போடப் பேனாவைக் கொண்டுபோனார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க. பொடிதான் செத்துப் போச்சே. அப்போ அது யாரு ஏறினது?"

அவர் விழித்தார்.

"நானேதானே ஏறியிருக்கேன்?" என்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது; ஆனால் குரல் மட்டும் மாறிவிட்டது. "குளிச்சது, சாப்பிட்டது, பதினெட்டுப் படி, எல்லாம் நானேதான்."

"ஆமா" என்றார். "நீயேதான்."

"அப்போ அதையும் எழுதுங்க."

அந்தக் கட்டத்தில் அதற்கு இடம் இல்லை. விதியிலும் இடம் இல்லை. அவர் ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதினார். எழுதி முடித்ததும் அவள் பேனாவை வாங்கி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.